எம்.பி. சாரின் சுக்கான்காரன்

அப்போது என் எடை நாற்பத்தேழு கிலோ. முப்பத்துமூன்று வயது ஆணுக்கு அது பெருமைப்படக்கூடிய எடை இல்லை. திருச்சியில் நான் பெண் பார்க்கப் போன முதல் வீட்டில், "மாப்பிள்ளை பின்னாடி வர்றாரா?" என்று என்னிடமே கேட்டார்கள். ஆனால் எழுபதுகளின் நடுவில், ஷார்ஜாவில், அந்த எடைக்காகவே என்னை ஒருவர் தேடி வந்தார்.

கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளுக்குத் திட்டம் போட்டுக் கொடுக்கும் ஒரு பிரிட்டிஷ் கம்பெனியில் நான் ஸ்டெனோவாக இருந்தேன். ரோலா என்ற பகுதியில், ஒரு பெரிய மரம் நின்ற மைதானத்துக்குப் பின்னால் ஒரு ரூம். அங்கிருந்து ஆபீசுக்கும் நடை தூரம்தான், கடல் ஊருக்குள் நுழைந்து கிடக்கும் க்ரீக்குக்கும் நடை தூரம்தான். ஒருநாள் லண்டனிலிருந்து புதிதாக ஓர் ஆலோசகர் வந்தார். வயது ஐம்பத்தைந்து இருக்கும். ஆறடிக்கு மேல் உயரம். அந்த நாட்டுப் பாராளுமன்றத்தில் பல வருடங்கள் உறுப்பினராக இருந்து, கடைசித் தேர்தலில் தோற்றவர். மனைவி இறந்துபோயிருந்தார், பிள்ளைகள் இல்லை. ஆபீசில் இருந்த தமிழர்களும் மலையாளிகளும் அவருக்கு 'எம்.பி. சார்' என்று பெயர் வைத்துவிட்டோம். தோற்றவரை அப்படிக் கூப்பிடுவது குத்திக்காட்டுவதுபோல ஆகிவிடுமோ என்று நான் பயந்தேன். அவர் காதில் அது விழுந்தபோது கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அவர் கடிதம் சொல்வதே ஒரு காட்சி. ஒரு பம்ப் தாமதமாக வருவதைப் பற்றிய கடிதமாக இருந்தாலும், எழுந்து நின்று, கோட்டுக் காலரைப் பிடித்துக்கொண்டு சபையில் பேசுவதுபோலத்தான் சொல்வார். நல்ல வாக்கியம் ஒன்று வந்துவிட்டால் சற்று நிறுத்துவார். யாரோ கைதட்டக் காத்திருப்பதுபோல இருக்கும். நான் பென்சிலைத் தூக்கிக்கொண்டு காத்திருப்பேன்.

அவர் வந்த இரண்டாம் மாதம் கப்பலில் அவருடைய படகு வந்தது. மரத்தால் செய்த, நீளமான, ஒல்லியான படகு. நடுவில் ஒருவர் உட்கார்ந்து இரண்டு துடுப்புகளையும் வலிக்கலாம். பின்கோடியில் சாய்மானத்தோடு ஓர் இருக்கை. அதில் உட்காருபவர் இரண்டு பக்கமும் வரும் கயிறுகளைப் பிடித்துச் சுக்கானைத் திருப்பலாம். துறைமுகத்துக் கஸ்டம்ஸ் அதிகாரி பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "இது படகா? மீன் எங்கே வைப்பார்கள்?" என்று கேட்டார். மீன் பிடிக்க அல்ல, சும்மா வலிக்க என்று நான் ஹிந்தியிலும் கையிலும் விளக்கினேன். மோட்டார் இல்லாமல், வலையும் இல்லாமல், ஒரு பெரிய மனிதர் ஏன் சும்மா வலிக்க வேண்டும் என்பது அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. "மாஃபி முக்" என்று, மூளை இல்லை எனத் தன் தலையைத் தட்டிக் காட்டிவிட்டு முத்திரை குத்தினார்.

எம்.பி. சார் தினமும் விடிகாலையில் தனியாகக் க்ரீக்கில் படகு வலிக்க ஆரம்பித்தார். அதில் ஒரு சிக்கல் இருந்தது. துடுப்பு வலிப்பவர் படகு போகும் திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார முடியும். அவர் நாட்டு ஆறுகளில் அது சரிப்பட்டிருக்கும். எங்கள் க்ரீக்கிலோ மீன்பிடிப் படகுகள், ஈரானிலிருந்து சரக்கு ஏற்றி வரும் பெரிய மர லாஞ்சுகள், நங்கூரக் கயிறுகள். முதல் வாரத்திலேயே ஒரு மீனவரின் வலையைக் கிழித்தார். அடுத்த வாரம் ஒரு லாஞ்சில் மோதி நெற்றியில் பிளாஸ்திரியோடு ஆபீசுக்கு வந்தார். அன்று அவர் கடிதம் எதுவும் சொல்லவில்லை. என்னையே மேலும் கீழும் பார்த்தார்.

"உங்கள் எடை என்ன?"

சொன்னேன்.

"அற்புதம்!" என்றார். என் எடையைக் கேட்டு ஒருவர் அந்த வார்த்தையைச் சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. "நீந்தத் தெரியுமா?"

"தெரியும் சார்," என்றேன். பொய். காவிரிப் படித்துறையில் மேல் படியைத் தாண்டி நான் இறங்கியதே கிடையாது. ஆனால் மேலதிகாரி கேட்கும் கேள்விக்குத் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாதவன் நான்.

மறுநாள் காலை அவருக்கு எதிரே பின்இருக்கையில் உட்கார்ந்தேன். முழங்காலோடு முழங்கால் இடிக்காத குறை. என் கையில் சுக்கான் கயிறுகள். அவருக்குத் தெரிவது என் முகமும் எனக்குப் பின்னால் விலகும் கரையும் மட்டும். முன்னால் என்ன வருகிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டியவன் நான். ஐந்து நிமிடத்தில் ஒரு லாஞ்சின் நங்கூரக் கயிறு குறுக்கே தெரிந்தது. நான் ஆரம்பித்தேன்: "எக்ஸ்க்யூஸ் மீ சார், தாங்கள் தயவுசெய்து..." முடிப்பதற்குள் கயிறு அவர் தொப்பியைத் தட்டிக்கொண்டு போய்விட்டது.

அவர் துடுப்புகளை நிறுத்தினார். கோபப்படுவார் என்று நினைத்தேன். தொப்பியைத் தண்ணீரிலிருந்து எடுத்துப் பிழிந்துகொண்டே, "கேப்டன்," என்றார். "ஆபீசில் நான் உங்களுக்கு மேலதிகாரி. இங்கே நீங்கள் எனக்கு. தண்ணீரில் 'தயவுசெய்து' கிடையாது. கத்துங்கள்."

அவரைப் பார்த்துக் கத்தப் பழக எனக்கு மூன்று வாரம் ஆனது. "நிறுத்துங்க!" "இன்னும் வேகமா!" "யல்லா!" எட்டு மணிக்கு அதே மனிதர் முன்னால் நோட்டுப் புத்தகத்தோடு தலைகுனிந்து நிற்பேன். எங்கள் இருவருக்குமே அதில் ஒரு கமுக்கமான சந்தோஷம் இருந்தது.

அந்தக் குளிர்காலத்தில், கல்யாணமாகி ஊரிலேயே இருந்த என் மனைவி வந்து சேர்ந்தாள். வந்த மூன்றாம் நாளே கேட்டாள்.

"ஆபீஸ் எட்டு மணிக்குத்தானே? அஞ்சு மணிக்கே எழுந்து எங்க போறீங்க? பேண்டெல்லாம் நனைச்சிட்டு வர்றீங்க."

"எம்.பி. சாரோட படகுல போறேன்."

"யாரு, நீங்களா?" என்று சிரித்தவள், நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினாள். "அடுத்த வெள்ளிக்கிழமை நானும் வர்றேன்."

வந்தாள். எம்.பி. சார் தொப்பியைக் கழற்றி வணக்கம் சொல்லி, உங்கள் கணவர் அருமையான சுக்கான்காரர் என்று புகழ்ந்தார். அவள் கல்லூரியில் படித்தவள், ஆங்கிலம் தடுமாறாது. "நன்றி சார். அவருக்கு நீச்சல் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியுமா?" என்று நேராகக் கேட்டுவிட்டாள்.

எனக்குத் தரையைப் பிளந்துகொண்டு உள்ளே போய்விடலாம்போல இருந்தது. எம்.பி. சார் என்னைப் பார்த்தார். பிறகு தண்ணீரைப் பார்த்தார். ஆறு மாதமாக அந்த ஆழத்தின்மேல் என்னை உட்கார வைத்துப் படகு வலித்திருக்கிறார். முகம் வெளுத்துவிட்டது. அன்று படகை எடுக்கவில்லை. மறுநாள் நான் போனபோது பின்இருக்கையின் சாய்மானத்தில் ஆரஞ்சு நிறத்தில் புத்தம்புதிய மிதவைச் சட்டை ஒன்று மாட்டியிருந்தது. நான் அதை மாட்டி, கடைசி நாடாவைக் கட்டும்வரை அவர் துடுப்பைத் தொடவில்லை.

நான் பொய் சொல்லியிருந்தேன் என்று தெரிந்த பிறகுதான் அவர் தன்னைப் பற்றிப் பேச ஆரம்பித்தார் என்று நினைக்கிறேன். பள்ளிக்கூட வாத்தியாரின் மகன். பல்கலைக்கழகத்தில் படகு வலித்தவர். இன்ஜினியராக வடக்கே ஒரு சின்ன ஊருக்கு வேலைக்குப் போனார். அந்த ஊரின் நடுவில் ஓர் ஆறு. ஆற்றோரம் ஒரு சாயப்பட்டறை. பட்டறையில் என்ன சாயம் ஓடுகிறதோ அதுதான் அன்றைக்கு ஆற்றின் நிறம். திங்கட்கிழமை சிவப்பாக ஓடும், வியாழக்கிழமை நீலமாக. ஒரு மீன் கிடையாது. அந்த ஊர்க் குழந்தைகள் ஆற்றை வரைந்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறத்தில் வரையுமாம்.

அவர் முதலில் முனிசிபாலிட்டியில் கேள்வி கேட்டார். பிறகு அதே முனிசிபாலிட்டியில் உறுப்பினரானார். பிறகு பாராளுமன்றம். பன்னிரண்டு வருடம் விடாமல் அந்த ஆற்றைப் பற்றிப் பேசினார். கடைசியில், கழிவைச் சுத்தம் செய்துதான் விட வேண்டும் என்று உத்தரவு வந்தது. பட்டறை முதலாளிகள் சுத்தம் செய்வதைவிட மூடுவது சுலபம் என்று மூடிவிட்டார்கள். ஊரில் பாதிப் பேருக்கு வேலை போனது. அடுத்த தேர்தலில் அந்த ஊர் அவரை வீட்டுக்கு அனுப்பியது.

இதற்கு நடுவே ஷார்ஜாவில் அவருக்கு மாதம் ஒரு கடிதம் வந்துகொண்டிருந்தது. அந்த ஊர்ப் பெண் ஒருத்தி, கட்சி ஆபீஸ் மூலமாக எழுதுவாள். அவள் கணவர் சாயப்பட்டறையில் பாய்லர் பார்த்தவர். 'நீங்கள் படகு விடுவதற்காக எங்கள் அடுப்பை அணைத்தீர்கள்' என்பது முதல் கடிதத்தின் முதல் வரி. எம்.பி. சார் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்வார், நான் டைப் அடிப்பேன். அந்தக் கடிதங்களை மட்டும் அவர் உட்கார்ந்துகொண்டுதான் சொல்வார். கோட்டுக் காலரைப் பிடிக்க மாட்டார்.

"இப்போ நீங்க அவங்களுக்கு எம்.பி. இல்லையே சார். எதுக்குப் பதில் எழுதணும்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அந்தப் பெண் கேட்பது நியாயமான கேள்வி, கேப்டன்," என்றார்.

அந்த வாரம் ஒரு காலை, படகில் அவராகவே சொன்னார்: "அந்த ஆற்றுக்காக நான் பேசிய ஒவ்வொரு பேச்சிலும் குழந்தைகளைச் சொன்னேன், நோயைச் சொன்னேன், மீனைச் சொன்னேன். எல்லாம் உண்மை. ஆனால் அதில் ஒருநாள் படகு வலிக்க வேண்டும் என்ற ஆசையும் எனக்கு இருந்தது. அதைச் சொல்லவில்லை. கடிதம் எழுதும் அந்தப் பெண் அதைக் கண்டுபிடித்துவிட்டார்."

அவர் முகம் எனக்கு ஒரு முழம் தூரத்தில். அவருக்குப் பின்னால் ஒரு லாஞ்சு எங்களை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தது. "நிறுத்துங்க சார்," என்றேன். நிறுத்தினார். லாஞ்சு போகும்வரை இருவரும் அலையில் ஆடிக்கொண்டிருந்தோம்.

அந்தப் பெண்ணுக்கு எழுதிய அடுத்த பதிலில் அவர் ஒரு விஷயம் சேர்த்தார். கடல்நீர் ஆலைகளில் பெரிய பாய்லர்கள் உண்டு, பாய்லர் தெரிந்தவர்களுக்கு இங்கே வேலை இருக்கிறது, உங்கள் கணவருக்கு விருப்பமா என்று. இரண்டு மாதம் பதிலே இல்லை. பிறகு ஒற்றை வரி வந்தது: 'எப்போது புறப்பட வேண்டும்?'

அவள் கணவரை அழைத்துவர விமான நிலையத்துக்கு எம்.பி. சாரே போனார், என்னையும் கூட்டிக்கொண்டு. வந்தவர் குட்டையான, தடித்த மனிதர். அந்த வெயிலுக்குக் கனமான கம்பளிக் கோட்டு. அவருடைய ஆங்கிலம் எனக்குப் பாதிதான் புரியும். ஆனால் முதலில் சொன்னது நன்றாகப் புரிந்தது.

"நான் உங்களுக்கு ஓட்டுப் போடல."

"தெரியும்," என்றார் எம்.பி. சார். "கார் அந்தப் பக்கம் நிற்கிறது."

பாய்லர்காரர் நல்ல வேலைக்காரர். கேம்ப்பில் தங்கி, டூட்டி முடிந்தால் தானுண்டு தன் புகைபிடிக்கும் பைப் உண்டு என்று இருந்தார். ஆபீசுக்கு வந்தால் எம்.பி. சாரின் அறைக் கதவைப் பார்க்காமலே நடந்து போவார். எம்.பி. சாரும் வற்புறுத்தவில்லை. சைட்டுக்குப் போகும்போது மட்டும், "பாய்லர் பக்கம் நிழல் போட்டிருக்கிறார்களா? தண்ணீர் கொடுக்கிறார்களா?" என்று விசாரிப்பார். அந்த ஒருவருக்காகக் கேட்கிறார் என்று யாருக்கும் தெரியாமல் இருக்க எல்லோருக்கும் சேர்த்துக் கேட்பார். அப்படித்தான் அந்த சைட்டில் இருந்த ராமநாதபுரத்துக்காரர்கள், பட்டான்கள் எல்லோருக்கும் மதியத்தில் நிழல் கிடைத்தது.

எங்களுக்கு மகள் பிறந்தாள். ஒரு கோடை போனது. ஒரு வெள்ளிக்கிழமை காலை நாங்கள் படகை இறக்கிக்கொண்டிருந்தபோது கரையில் பாய்லர்காரர் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு கடிதம். படகின் அருகே வந்து எம்.பி. சாரிடம் நீட்டினார். எம்.பி. சார் அதற்குள் படகில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையிலும் துடுப்பு.

"கேப்டன், நீங்கள் வாசியுங்கள்," என்றார்.

அந்தப் பெண்ணின் கையெழுத்து எனக்குப் பழக்கம். கணவருக்கு எழுதிய கடிதம்; முதல் பக்கம் வீட்டு விஷயம். இரண்டாம் பக்கம்தான் எம்.பி. சாருக்கானது. நான் சத்தமாக வாசித்தேன். கடைக்குப் போகும் வழியில் பாலத்தின் மேல் பத்துப் பேர் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தார்களாம். யாரோ விழுந்துவிட்டார்கள் என்று நினைத்து இவளும் எட்டிப் பார்த்தாளாம். ஆற்றில் மீன். ஒன்றிரண்டு இல்லை, கூட்டமாக. தண்ணீருக்கு நிறமே இல்லை, அடியில் கல் தெரிந்தது. 'அந்த மனுஷனிடம் சொல்லு. மன்னித்துவிட்டேன் என்று சொல்லாதே. மன்னிக்கவில்லை. மீன் வந்திருக்கிறது என்று மட்டும் சொல்லு.'

எம்.பி. சார் துடுப்புக் கைப்பிடிகள்மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். முதுகு குலுங்கியது. நான் கடிதத்தை மடித்தேன், திரும்ப விரித்தேன், திரும்ப மடித்தேன். பாய்லர்காரர் க்ரீக்கின் மறுகரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு நிமிர்ந்து, "ஏறுங்கள்," என்றார் எம்.பி. சார்.

"நான் கனம்."

"பரவாயில்லை. கேப்டன் கனமில்லை."

பின்இருக்கையில் என்னை ஓரத்தில் நசுக்கிக்கொண்டு பாய்லர்காரர் உட்கார்ந்தார். படகு விளிம்புவரை தாழ்ந்தது. எம்.பி. சார் மெதுவாக வலித்தார். பாதி தூரம் போனதும் பாய்லர்காரர் கையைத் தண்ணீரில் விட்டார். "ஐம்பது வருஷம் ஆத்தங்கரையில இருந்தவன்," என்றார். "படகுல உட்காருறது இதுதான் முதல் தடவை. எங்க ஆத்துல விரலை விட்டா சட்டையில கறை ஆயிடும்." கையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அதன்பின் இரண்டு மூன்று வெள்ளிக்கிழமைகளுக்கு ஒருமுறை வருவார். இருவரும் அதிகம் பேசிக்கொள்ள மாட்டார்கள். ஊரில் எந்தத் தெருவில் எந்தக் கடை இருக்கிறது, எது மூடிவிட்டது என்று பேசுவார்கள். அவ்வளவுதான்.

அடுத்த வருடம் லண்டனிலிருந்து எம்.பி. சாருக்குக் கட்சி மேலிடத்துக் கடிதம் வந்தது. தெற்கே ஒரு நல்ல தொகுதி காலியாகிறது, அவர்கள் கட்சி யாரை நிறுத்தினாலும் ஜெயிக்கும், நீங்கள் நிற்க வேண்டும் என்று. மூன்று நாள் அதை மேசையிலேயே வைத்திருந்தார். நான்காம் நாள் காலை, படகை வலித்துக்கொண்டே பதிலைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

"சார், நோட்டு இல்ல," என்றேன். இரண்டு கையிலும் சுக்கான் கயிறு வேறு.

"உங்களுக்கு ஞாபகம் இருக்கும், கேப்டன்."

துடுப்பின் ஒவ்வொரு இழுப்புக்கும் நாலு வார்த்தை. 'உங்கள் அன்புக்கு நன்றி. நீங்கள் சொல்லும் ஊர் அழகான ஊர். அங்கே நான் ஜெயிப்பேன் என்றும் தெரியும். ஆனால் என் பேச்சு இன்னோர் ஊரோடு பாதியில் நிற்கிறது. அதை முடிக்காமல் வேறு ஊரோடு பேச்சைத் தொடங்க எனக்கு வாய் வரவில்லை. என்னை நிறுத்துவதென்றால் என் பழைய ஊரிலேயே நிறுத்துங்கள்.' அதற்குமேலும் சொன்னார். கரைக்கு வரும்வரை எதிரே வந்த எல்லாப் படகையும் பார்த்து, கத்தி, ஒரு வார்த்தையும் சிந்தாமல் கொண்டுவந்து ஆபீசில் டைப் அடித்தேன். வாசித்துவிட்டு ஒரு கமாவைக்கூட மாற்றாமல் கையெழுத்துப் போட்டார். என் உத்தியோக வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதையே பெரியதாக வைத்திருக்கிறேன்.

எழுபதுகளின் கடைசியில் தேர்தல் வந்தபோது அவர் திரும்பிப் போனார். பாய்லர்காரர் அதற்கு முன்பே ஒப்பந்தம் முடிந்து ஊர் போயிருந்தார். எம்.பி. சார் புறப்படும் நாளில் என் மகளைத் தூக்கிக் கொஞ்சினார். என் மனைவியோடு கைகுலுக்கினார். என்னிடம் வந்தபோது பேச்சு வரவில்லை. இத்தனை வருடம் பேச்சாலேயே பிழைத்த மனிதர். கடைசியில் என் தோளைப் பிடித்து, "கத்த மறந்துவிடாதீர்கள்," என்றார்.

அந்தத் தேர்தலிலும் அவர் தோற்றார். இரண்டு மாதம் கழித்துத் தன் கையாலேயே எழுதினார். இந்த முறை கொஞ்சம் நெருங்கி வந்தாராம். வாக்கு எண்ணும் இடத்துக்கு வெளியே பாய்லர்காரரும் மனைவியும் நின்றிருந்தார்களாம். 'அந்தப் பெண்ணை அன்றுதான் நேரில் பார்க்கிறேன். என் கணவர் உங்களுக்குப் போட்டார், நான் போடவில்லை என்றார். பிறகு, வீட்டுக்கு வந்து டீ குடியுங்கள் என்றார். போனேன்.' அந்த ஊரிலேயே ஒரு வீடு எடுத்துத் தங்கிவிட்டதாகவும், ஆற்றில் நாலைந்து படகுகள் ஓடுவதாகவும், எம்.பி. வேலையில் இல்லாத தூக்கம் இப்போது வருவதாகவும் எழுதியிருந்தார். அதன்பின் சாகும்வரை ஒவ்வொரு புது வருடத்துக்கும் ஒரு கார்டு வரும். முகவரியில் என் பெயருக்கு முன்னால் 'கேப்டன்' என்று போட்டிருப்பார். தபால்காரர் என்னை ராணுவத்தில் இருந்தவன் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

படகை எங்களுக்கே விட்டுப் போயிருந்தார். எனக்குத் துடுப்பு வலிக்கத் தெரியாது. கரையில் பல வாரம் கவிழ்ந்தே கிடந்தது. ஒரு வெள்ளிக்கிழமை என் மனைவி, "அதை ஏன் காயப் போட்டிருக்கீங்க? வாங்க," என்றாள். கொள்ளிடத்தில் நீந்தி வளர்ந்தவள். புடவையை வரிந்து கட்டிக்கொண்டு நடுவில் உட்கார்ந்து இரண்டு துடுப்பையும் பிடித்தாள். நான் பின்னால், மடியில் மகள். படகு ஒரே இடத்தில் வட்டமடித்தது. மீன் இறக்கிக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

"வலது கையை மெதுவா!" என்று கத்தினேன்.

"எதுக்குக் கத்துறீங்க? பக்கத்துலதானே இருக்கேன்," என்றாள். துடுப்பை இன்னொரு முறை தண்ணீரில் போட்டு இழுத்தாள். படகு நேராகக் கிளம்பியது. மகள் கைதட்டினாள்.